கதவைத் திறந்தவர்கள்

திகில் படத்தின் இரண்டாம் பாகம் என்றாலே எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு முதலில் வருவது அலுப்புதான். ஆனாலும் போய் உட்காராமல் இருக்க மாட்டோம். என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. முதல் பாகத்தின் முடிவில் செத்தது சாகவில்லை என்பார்கள்; எரித்தது எரியவில்லை என்பார்கள். ரத்தம் இரண்டு மடங்கு, சத்தம் மூன்று மடங்கு, கதை கால்வாசி. இப்படி வந்து குவிந்தவற்றுக்கு நடுவே, முதல் பாகம் கேட்டதைவிடக் கடினமான கேள்வியைக் கேட்ட இரண்டாம் பாகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2007இல் வெளிவந்த ‘28 வீக்ஸ் லேட்டர்’ படத்தை நான் அந்த வரிசையில் வைக்கிறேன். டேனி பாயில் இயக்கத்தில் 2002இல் வந்த ‘28 டேஸ் லேட்டர்’ படத்தின் தொடர்ச்சி இது. இயக்கியவர் ஹுவான் கார்லோஸ் ஃப்ரெஸ்னாடில்யோ என்ற ஸ்பானியர்.

இந்தப் படத்தைப் பற்றித் திகில் ரசிகர்களிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வரும்: முதல் பத்து நிமிடம் பிரமாதம், மிச்சம் சுமார். தீர்ப்பின் முன்பாதியில் எனக்கு மறுப்பில்லை. ஜாம்பிப் படங்களில் அதற்கு நிகரான தொடக்கம் வேறு கிடையாது என்பேன். பின்பாதியில்தான் வழக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் போட்ட முடிச்சைத்தான் மிச்சப் படம் முழுக்க இறுக்கிக்கொண்டே போகிறது. அதைப் பார்க்காதவர்களுக்கு மிச்சம் சுமாராகத்தான் தெரியும்.

*

படத்துக்குள் போகுமுன் ஒரு பழைய சண்டையைத் தொட்டாக வேண்டும். பாயில் காட்டியவை ஜாம்பிகளே இல்லை என்று ஒரு கட்சி உண்டு. தென்கலை வடகலைச் சண்டையைப் போல அது முடிவே இல்லாமல் நடக்கிறது. ஜார்ஜ் ரொமேரோ 1968இல் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எடுத்தபோது செத்தவர்கள் எழுந்து மெல்ல நடந்து வந்தார்கள். பாயில் படத்தில் வருபவர்கள் சாகவே இல்லை. ‘ரேஜ்’ என்ற வைரஸ் தொற்றி, சில நொடிகளில் வெறி ஏறி, தலைதெறிக்க ஓடிவரும் உயிருள்ள மனிதர்கள் அவர்கள். நடக்கிறதா, ஓடுகிறதா என்பதைப் பிடித்துக்கொண்டே இரு கட்சிகளும் வாதாடின. அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருந்தது.

செத்தவனுக்குப் பட்டினி கிடையாது. ரொமேரோவின் உலகில் அதனால்தான் ‘பிறகு’ என்ற காலமே இல்லை. 1978இல் ‘டான் ஆஃப் தி டெட்’, 1985இல் ‘டே ஆஃப் தி டெட்’ என்று அவரே எடுத்த தொடர்ச்சிகளில் பிணங்கள் பெருகிக்கொண்டே போகும்; மனிதர்கள் ஒதுங்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகும். பாயிலின் நோயாளிகளோ உயிரோடு இருப்பவர்கள். சாப்பிடத் தெரியாமல் சில வாரங்களில் பட்டினி கிடந்து செத்துவிடுவார்கள். முதல் படத்தின் கடைசியிலேயே, எலும்பும் தோலுமாகச் சாலையில் கிடக்கும் நோயாளிகளைக் காட்டிவிடுகிறார்கள்.

இரண்டாம் பாகத்தை எழுதியவர்கள் இந்தச் சின்னக் கண்ணியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நோயாளிகள் எல்லாரும் செத்தால் நாடு சுத்தமாகிவிடும். நாடு சுத்தமானால், ‘எல்லாம் முடிந்தது, ஊருக்குத் திரும்பலாம்’ என்று ஓர் அரசு அறிவிக்கலாம். படத்தின் தலைப்பு எழுத்துகளுக்குப் பின்னால் அந்த அறிவிப்பு வரிசையாக வருகிறது. ஐந்தாம் வாரம்: தொற்றியவர்கள் பட்டினியால் செத்தார்கள். பதினோராம் வாரம்: அமெரிக்கா தலைமையில் நேட்டோ படை லண்டனுக்குள் நுழைந்தது. பதினெட்டாம் வாரம்: தொற்று நீங்கிய நிலம் என்ற அறிவிப்பு. இருபத்துநான்காம் வாரம்: சீரமைப்பு தொடக்கம். பத்திரிகைக் குறிப்பின் வறட்டு நடையில் ஒரு நாட்டின் சாவும் மறுபிறப்பும் ஓடி முடிகின்றன.

திகில் படத்தின் எந்த இரண்டாம் பாகமும் முதல் பாகத்தின் முடிவைப் பொய்யாக்கித்தான் பிழைக்க முடியும். பொதுவாக அந்தப் பொய்யை மறைத்து வைத்துவிட்டு, கடைசியில் கல்லறைக்குள்ளிருந்து கையை நீட்ட விடுவார்கள். ஃப்ரெஸ்னாடில்யோ அதைத் தூக்கி அரசாங்கத்தின் வாயில் வைத்தார். முடிந்தது என்று சொல்வதையே கதைப்பொருளாக்கினார். இரண்டாம் பாகம் ஏன் எடுக்கப்பட்டது என்ற கேள்விக்குப் படமே விடை சொல்லும் அதிசயம் இப்படித்தான் வாய்த்தது.

*

இப்போது அந்தப் பத்து நிமிடம்.

ஒரு கிராமத்து வீடு. ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடித்திருக்கிறார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் டான் என்பவனும் அவன் மனைவி ஆலிஸும் டப்பா உணவைத் திறந்து சமைக்கிறார்கள். வீட்டுக்காரக் கிழவனும் கிழவியும் இருக்கிறார்கள். அடைக்கலம் தேடி வந்த வேறு சிலரும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் ஸ்பெயினுக்குப் போயிருந்ததால் தப்பித்தார்கள் என்று கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். இரவு உணவு நேரம் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

கதவு தட்டப்படுகிறது. வெளியே ஒரு சிறுவன் கெஞ்சுகிறான். உள்ளே இருப்பவர்கள் ஒரு நொடி தயங்குகிறார்கள். பிறகு கதவு திறக்கப்படுகிறது. திறந்ததும் கண்ணைக் கூசவைக்கும் பட்டப்பகல் உள்ளே பாய்கிறது. இத்தனை நேரம் நாம் பார்த்தது இரவு இல்லை. அடைத்துக்கொண்டவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட இருட்டு. வசனம் ஏதும் இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் வைத்து ஒரு வாழ்க்கை நிலைமையைச் சொல்லிவிட்ட இந்த ஒரு ஷாட்டுக்காகவே இயக்குநருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சிறுவனைத் துரத்தி வந்தவர்கள் பின்னாலேயே வந்துவிடுகிறார்கள். துரத்தியவர்களில் அவனைப் பெற்றவர்களும் உண்டு. பலகைகள் உடைகின்றன. ஆலிஸ் மாடியறையில் சிறுவனைத் தேடிப் போகிறாள். டான் அவளைக் கூப்பிடுகிறான். அதற்குள் இருவருக்கும் நடுவே நோயாளிகள் நுழைந்துவிடுகிறார்கள். டான் அவள் முகத்தைப் பார்க்கிறான், கதவைச் சாத்துகிறான், ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறான். பச்சைப் புல்வெளி, பின்னால் நாலா பக்கமும் ஓடிவரும் கூட்டம், எதிரே ஆற்றில் ஒரு படகு. ஜான் மர்ஃபியின் கிட்டார் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப மீட்டி ஏறிக்கொண்டே போகிறது. டான் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். மாடி ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு நிற்கிறாள் ஆலிஸ்.

ராபர்ட் கார்லைல் இந்தப் பாத்திரத்துக்குக் கிடைத்தது படத்தின் அதிர்ஷ்டம். ஓடும்போது அவர் முகத்தில் பயம் மட்டுமே இருக்கிறது. படகில் ஏறி உயிர் தப்பியது உறுதியான பிறகுதான் வேறொன்று வருகிறது. அதைக் குற்றவுணர்வு என்றுகூட உடனே சொல்லிவிட முடியாது. தான் யார் என்பது தனக்கே தெரிந்துபோனவனின் திகைப்பு அது. எந்த ரசிகனும் அந்த நேரத்தில் டானைத் திட்டுவதில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் ஓடியிருப்பேன் என்ற எண்ணம் தொண்டையில் வந்து நிற்கும்.

*

இந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு செயல்கள் நடக்கின்றன. இரக்கப்பட்டுக் கதவைத் திறந்தது ஒன்று. உயிருக்குப் பயந்து கதவைச் சாத்தியது மற்றொன்று. திறந்த கதவு வழியாகச் சாவு வந்தது. சாத்திய கதவு ஒருவனைக் காப்பாற்றியது. மீதிப் படம் முழுக்க இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறது, அதுவும் வாய்ப்பாடு ஒப்பிப்பது போன்ற கறார்த்தனத்தோடு.

ஸ்பெயினிலிருந்து பிள்ளைகள் ராணுவக் காவலில் உள்ள லண்டனுக்குத் திரும்பி வருகிறார்கள். அக்கா டாமி, தம்பி ஆண்டி. அம்மாவின் முகம் மறந்துபோய்விடுமோ என்று தம்பி பயப்படுகிறான். அம்மாவின் படத்தை எடுத்துவரலாம் என்று இருவரும் காவல் வளையத்தைத் தாண்டிப் பழைய வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஆலிஸ் உயிரோடு இருக்கிறாள். கடிபட்டும் வெறி ஏறாமல், உடம்பில் நோயைச் சுமந்துகொண்டு தப்பியவள். பிள்ளைப் பாசம் அவளை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. ராணுவ மருத்துவர் ஸ்கார்லெட், இந்தக் குடும்பத்து ரத்தத்தில் மருந்து இருக்கலாம் என்று நம்பிப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். கூரைமேல் குறிபார்த்து நிற்கும் சிப்பாய் டாயில், துப்பாக்கிக் கண்ணாடியில் ஆண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுட மறுத்துக் காவலிடத்தை விட்டு இறங்குகிறான். ஹெலிகாப்டர் ஓட்டி ஃப்ளின், வேண்டாவெறுப்பாகத்தான் என்றாலும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டுகிறான். தம்பியின் கண்ணில் சிவப்பு ஏறியிருப்பதை அக்கா பார்க்கிறாள். யாரிடமும் சொல்லாமல் அவனைக் கூட்டிப்போகிறாள். படம் பாரிஸில் முடிகிறது, ஈஃபில் கோபுரத்தை நோக்கி ஓடும் வெறிக்கூட்டத்தோடு.

ஒரு கண்ணியைக்கூட எடுத்துவிட முடியாது. ஒவ்வொன்றும் அன்பினால் செய்த காரியம். ஒவ்வொன்றும் நோய்க்கு அடுத்த படி. முதல் படத்திலேயே இதற்கு விதை இருக்கிறது: ஆய்வுக்கூடத்துச் சிம்பன்ஸிகளின் வதையைப் பொறுக்காத விலங்கு ஆர்வலர்கள் கூண்டைத் திறந்துவிட்டதில்தான் வைரஸ் வெளியே வந்தது. பாயில் அந்த விதையை அங்கேயே விட்டுவிட்டு வேறு பக்கம் போனார். அவர் படத்தின் பின்பாதியில் அரக்கர்கள் யார் என்பதற்கு விடை எளிது: பெண்களைப் பங்கு போட நினைத்த சிப்பாய்கள். கெட்டவனைக் கைகாட்டிவிட்டால் ரசிகனுக்கு நிம்மதி. இரண்டாம் பாகத்தில் அந்த நிம்மதி கிடையாது. சிப்பாய்கள் சாதாரணமானவர்கள், இரவுக் காவலில் அரட்டை அடிக்கிறார்கள், சுடச்சொன்னபோது அவர்களுக்குக் கை நடுங்குகிறது. தளபதி ஸ்டோன்கூடக் கொடூரன் இல்லை, கணக்குப் பார்ப்பவன். படம் முடிந்து யோசித்தால் அவன் கணக்கு சரியாகவும் தெரிகிறது. இந்த அவஸ்தைதான் படத்தின் சொத்து.

*

ஆலிஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நோய் தன்னைத் தீண்டாமல், தன்னைத் தீண்டியவர்களைக் கொல்லும் பெண் என்பது திரைக்கதாசிரியர்களின் கற்பனை மட்டும் இல்லை. அயர்லாந்தில் பிறந்து நியூயார்க் வீடுகளில் சமையல்காரியாக இருந்த மேரி மாலன், உடம்பில் எந்தக் குறியும் இல்லாமல் டைஃபாய்டு கிருமியைச் சுமந்தவர். 1907இல் அவரைப் பிடித்து நார்த் பிரதர் தீவில் அடைத்தார்கள். சமையல் வேலைக்குப் போகமாட்டேன் என்ற வாக்குறுதியின்பேரில் 1910இல் விட்டார்கள். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனைச் சமையலறையில் மறுபடி பிடிபட்டார். 1938இல் சாகும்வரை அந்தத் தீவை விட்டு அவரை விடவில்லை. தன் உடம்பில் நோய் இருக்கிறது என்பதை அவர் கடைசிவரை நம்பவே இல்லை. கொரோனாக் காலத்தைக் கடந்துவந்த நமக்கு, அறிகுறியில்லாமல் நோயைச் சுமப்பவர் என்பது இன்று வீட்டுப் பேச்சு. 2007இல் இதை ஒரு ஜாம்பிப் படத்தின் நடுவில் வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். இந்த வகைப் படங்களில் அதுவரை ‘தொற்றியவர்’, ‘தொற்றாதவர்’ என்ற இரண்டு ஜாதிதான். நடுவில் ஒருத்தி வந்ததும் சட்டம் முழுவதும் குழம்பிப்போகிறது.

அந்தக் குழப்பத்தின் உச்சம் படத்தின் நடுவில் வரும் மருத்துவ அறைக் காட்சி. ஆலிஸைப் படுக்கையில் கட்டிவைத்திருக்கிறார்கள். டான் தன் நுழைவட்டையைத் தேய்த்து உள்ளே வருகிறான். அம்மா செத்ததைக் கண்ணால் பார்த்ததாகப் பிள்ளைகளிடம் பொய் சொன்னவன் அவன். அழுகிறான், மன்னிப்புக் கேட்கிறான். அவள் ஜன்னலில் நின்றவள், ஆனாலும் வெறுக்கவில்லை. முத்தமிடுகிறான். எச்சிலில் இருந்த வைரஸ் அவன் ரத்தத்தில் ஏற ஒரு மூச்சு நேரம். பின்வாங்குகிறான், உடம்பு முறுக்குகிறது, கண்ணில் ரத்தம் கட்டுகிறது. கட்டிக்கிடப்பவளுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது, நகரத்தான் முடியவில்லை. மன்னிப்புக் கேட்ட அதே கைகளின் கட்டைவிரல்கள் அவள் கண்களில் இறங்குகின்றன. ஊரையே அழிக்கப்போகும் இரண்டாம் கொள்ளைநோய் ஒரு கணவன் மனைவியின் மன்னிப்பிலிருந்து தொடங்குகிறது. வன்முறைக் காட்சிகளை எண்ணிக்கை கணக்கில் பார்த்துப் பழகிய என்னைப் போன்றவனுக்கும் இந்தக் காட்சியில் தலை தாழ்ந்துவிடும்.

ஃப்ரெஸ்னாடில்யோவின் முதல் படமான ‘இன்டாக்டோ’ (2001) பார்த்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். அதில் அதிர்ஷ்டம் என்பது தொட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்விடும் பொருள். விமான விபத்தில் தனியாகப் பிழைத்தவன், நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்த கிழவன் என்று பிழைத்தவர்களாலேயே ஆன படம் அது. தான் பிழைத்தது வேறு யாருடைய பங்கை எடுத்துக்கொண்டு என்ற கேள்வி அந்த இயக்குநரை விடவில்லை. அவரிடம் ஒரு ஜாம்பிப் படத்தைக் கொடுத்தார்கள். அவர் அதே கேள்வியை அதற்குள் வைத்துவிட்டார்.

*

நோய் மறுபடி கிளம்பியதும் ராணுவம் செய்வது மூன்று படி. தொற்றியவர்களைக் கொல், மற்றவர்களை ஓரிடத்தில் அடை, அதுவும் கைமீறினால் எல்லாரையும் அழி. மூன்று பக்கமும் தேம்ஸ் ஆறு சூழ்ந்த ‘ஐல் ஆஃப் டாக்ஸ்’ பகுதியில், கேனரி வார்ஃபின் வங்கிக் கோபுரங்களுக்கு நடுவே, மக்கள் இருட்டறையில் அடைக்கப்படுகிறார்கள். அடைத்த அறைக்குள்ளேயே டான் புகுந்துவிட, நெரிசலில் கதவு பிய்த்துக்கொண்டு எல்லாரும் தெருவுக்கு ஓடிவருகிறார்கள். கூரைமேல் இருப்பவர்களுக்குத் தொற்றியவன் யார், ஓடுகிறவன் யார் என்று தெரியவில்லை. பார்த்துச் சுடுங்கள் என்றிருந்த உத்தரவு, கண்ணில் படுவது எதையும் சுடுங்கள் என்று மாறுகிறது. கடைசியில் வானத்திலிருந்து நெருப்பைக் கொட்டுகிறார்கள்.

ஈராக்கில் அமெரிக்கா கூடுதல் படைகளை இறக்கிய ஆண்டு 2007. பாக்தாத்தின் நடுவே சுவர் எழுப்பிய ‘கிரீன் ஸோன்’ தினச் செய்தியில் இருந்தது. அந்த ஒப்புமையை அப்போதே எல்லாரும் எழுதிவிட்டார்கள். அது பொருத்தம்தான். ஆனால் பிரிட்டன்காரர்களின் நினைவில் இதைவிடப் பக்கத்தில் இன்னொன்று இருந்திருக்க வேண்டும். 2001இல் அந்த நாட்டுக் கால்நடைகளைக் கோமாரி நோய் தாக்கியது. ராணுவம் இறங்கியது. நோய் வந்த பண்ணையில் மட்டுமல்லாமல், அதை ஒட்டியிருந்த பண்ணைகளில் நல்ல உடம்போடு நின்ற ஆடுமாடுகளையும் சேர்த்தே கொன்றார்கள். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள். வயல்வெளிகளில் சடலங்களைக் குவித்து எரித்த புகை நாட்கணக்கில் தெரிந்தது. முதல் படத்தின் படப்பிடிப்பு அதே 2001இன் பிற்பகுதியில்தான் தொடங்கியது. நோயை நிறுத்த நோயில்லாததையும் கொல்வது என்ற திட்டம் திரைக்கதைக் கற்பனையில் பிறந்ததில்லை. பக்கத்து வயலில் நடந்து முடிந்தது. படம் செய்ததெல்லாம் ஆடுமாடு நின்ற இடத்தில் மனிதரை நிறுத்தியதுதான்.

இங்கேதான் படத்தின் நேர்மை வெளிப்படுகிறது. இரக்கம் நோயைப் பரப்பியது என்று சொன்ன படம், இரக்கமில்லாமை அதை நிறுத்தியது என்று சொல்லவில்லை. குண்டு போட்டும் தீ வைத்தும் நச்சுப்புகை விட்டும் நோய் தப்பித்துவிடுகிறது. டான் தீயிலிருந்து எழுந்து வருகிறான். தளபதியின் கணக்குச் சரியாக இருந்தது, விடை மட்டும் தப்பு. இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. அப்படியானால் எந்த வழியில் போனாய் என்பது மட்டும் மிஞ்சுகிறது. கிளம்பாத காரைத் தள்ளிவிட இறங்கிய டாயிலைத் தீப்பீச்சும் சிப்பாய்கள் எரிக்கிறார்கள். அவன் காப்பாற்றி அனுப்பிய சிறுவன் வழியாக நோய் பாரிஸ்வரை போனது என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தும், மறுபடி பார்க்கும்போது ‘இறங்காதே’ என்று சொல்லத் தோன்றுவதில்லை.

*

குறைகளை மூடி மறைக்கப் போவதில்லை. உலகிலேயே அபாயமான நோயைச் சுமப்பவளைக் காவலுக்கு ஒரு ஆள்கூட இல்லாமல் விட்டுவைப்பார்களா? கட்டடப் பராமரிப்புக்காரனான டானின் அட்டை ராணுவ மருத்துவ அறையைத் திறக்குமா? இரண்டு பிள்ளைகள் ஸ்கூட்டரில் ஏறி லண்டனைச் சுற்றும்வரை அத்தனை தொலைநோக்கிகளும் என்ன செய்தன? இவற்றுக்குப் படத்தில் விடை இல்லை. கைக்கேமராவை உலுக்கி உலுக்கி எடுத்ததில் பல இடங்களில் யார் யாரைக் கடித்தார் என்பதே தெரியவில்லை. ஹெலிகாப்டர் விசிறியால் கூட்டத்தை அறுத்துத் தள்ளும் காட்சி கைதட்டலுக்காக வைத்தது. படத்தின் மனநிலைக்கு ஒட்டாதது.

பெரிய குற்றச்சாட்டு டானைப் பற்றியது. வெறி ஏறியவனுக்கு நினைவு கிடையாது என்றால், இவன் மட்டும் பிள்ளைகளைத் தேடித் தேடி எப்படி வருகிறான்? தர்க்கப்படி இது ஓட்டைதான். ஆனால் திகில் படத்துக்குத் தர்க்கம் இரண்டாம்பட்சம். முதல் பட்சம் கெட்ட கனவின் நியாயம். தகப்பன் விட்டுவிட்டு ஓடுவானோ என்று பயந்த பிள்ளைகளுக்கு, விடாமல் துரத்தும் தகப்பன் கிடைக்கிறான். சுரங்க ரயில் நிலையத்தின் இருட்டில் டாமி சுடுவது ஒரு ஜாம்பியை என்று யாரும் நினைப்பதில்லை. அந்த ஓட்டையை அடைத்திருந்தால் படம் ஒழுங்காகியிருக்கும், உயிர் போயிருக்கும்.

*

இந்த இரண்டாம் பாகத்தின் உயரம் தெரிய இன்னொரு இரண்டாம் பாகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘ட்ரெயின் டு பூசான்’ (2016) நம் ரசிகர்களுக்குப் பழக்கமான கொரியப் படம். அதே இயக்குநர் யோன் சாங் ஹோ 2020இல் ‘பெனின்சுலா’ எடுத்தார். இரண்டு படங்களின் அடித்தளமும் அச்சடித்தாற்போல் ஒன்று. அதிலும் பழைய பாத்திரங்கள் யாரும் இல்லை. அதிலும் கைவிடப்பட்ட நாட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். அதிலும் தொடக்கத்தில் ஒருவன் கதவைத் திறக்க மறுக்கிறான்: சாலையோரம் குழந்தையோடு கெஞ்சும் குடும்பத்தைப் பார்த்தும் காரை நிறுத்தாமல் போய்விடுகிறான் கதாநாயகன். பின்னால் அதே பெண்ணைச் சந்திக்கிறான், அவளையும் பிள்ளைகளையும் மீட்கிறான், கணக்கைத் தீர்த்துவிடுகிறான். நடுவில் கார்கள் பறக்கின்றன. ஜாம்பிகள் சக்கரத்தில் அரைபடும் வேகத்தடைகளாகிவிடுகின்றன. முதலில் செய்த துரோகத்துக்குக் கடைசியில் ரசீது கிடைத்துவிட்டால் அங்கே திகில் எங்கிருந்து வரும்? டானுக்கு அந்த ரசீது கிடைக்கவில்லை. மன்னிப்பு கிடைத்தது, அதுதான் அவனைக் கொன்றது.

2025இல் பாயிலும் முதல் படத்தை எழுதிய கார்லண்டும் திரும்பி வந்து ‘28 இயர்ஸ் லேட்டர்’ எடுத்தார்கள். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து நோய் விரட்டப்பட்டது, பிரிட்டன் மட்டும் தனித்து அடைக்கப்பட்டது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டு, ஃப்ரெஸ்னாடில்யோவின் பாரிஸை ஒரு வரியில் துடைத்துவிட்டார்கள். பெற்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு. அவர்கள் படத்தில் வெறி பிடித்த ஒரு பெண்ணின் பிரசவத்துக்கு, நோயில் கிடக்கும் ஒரு தாய் கை கொடுக்கிறாள். பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை. அன்பு ஒருமுறை ஜெயிக்கிறது. அழகான காட்சி, கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அது ஆறுதல் சொல்லும் படம். 2007இல் வந்தது ஆறுதலை மறுத்த படம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இரண்டாவதற்குத்தான் ஆள் குறைவு.

முதல் பத்து நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை நிறுத்தாமல் கடைசிவரை பாருங்கள். யார் யார் எந்தக் கதவைத் திறக்கிறார்கள், எதற்காகத் திறக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு போங்கள். என்னைக் கேட்டால், ரொமேரோவின் ‘டான் ஆஃப் தி டெட்’ படத்துக்குப் பிறகு ஜாம்பி வகையில் வந்த ஆகச் சிறந்த இரண்டாம் பாகம் இதுதான். முதல் பாகத்தைவிட ஒரு பிடி மேல் என்றும் சொல்வேன். சண்டைக்கு வருகிறவர்கள் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வரட்டும்.